டம்மி கிரில்லைத் திறந்து 5 வருடம், 70,000 கிலோமீட்டர்

கார் வாங்கி இரண்டு வருடம் வரைக்கும் முன்னாடி இருப்பது முழுக்க காற்று உள்ளே போகிற நிஜ கிரில் என்றுதான் நினைத்திருந்தேன். பம்பரின் கீழ்ப் பாதி முழுக்க தேன்கூடு மாதிரி அறுகோணக் கட்டங்கள், இரண்டு மூலையிலும் ஃபாக் லேம்ப்பைச் சுற்றி இன்னும் ஒரு கிரில். பார்க்க வாயைத் திறந்து வைத்த மாதிரி இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கழுவும்போது கட்டத்துக்குள் விரலை விட்டேன், பிளாஸ்டிக் தட்டியது. பக்கத்துக் கட்டம், அதுவும் அடைப்பு. எண்ணிப் பார்த்தால் நடுவில் இருந்த ஒரு பட்டையைத் தவிர, அதாவது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தவிர, மிச்சம் எல்லாமே டம்மி.

கார் கம்பெனி பெயர் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் இது ஒரு கம்பெனியின் பழக்கம் மட்டும் இல்லை. ஒரே பம்பரை நான்கைந்து இன்ஜினுக்குப் பொதுவாகச் செய்கிறார்கள், சின்ன பெட்ரோல் இன்ஜினுக்கு அவ்வளவு காற்று தேவைப்படாது, தேவைக்கு மேல் காற்றை உள்ளே விட்டால் காற்றுத் தடை கூடி எரிபொருள் வீணாகும். சில கார்களில் வேண்டும்போது திறந்து வேண்டாதபோது மூடிக்கொள்ளும் ஷட்டரே வைத்திருக்கிறார்கள், மின்சார கார்கள் பலவற்றில் மூக்கை மொத்தமாக மூடியே விட்டார்கள். சமதரையில் மட்டும் ஓட்டுகிறவர் இதைத் தொடவே வேண்டாம், அவருக்கு ஒரு பைசா பலன் இருக்காது.

எனக்குத் தேவை வேறு. வீடு நாமக்கல், வேலை கொல்லிமலையில். காரவள்ளி அடிவாரத்தில் இருந்து மேலே ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள், வாரத்துக்கு இரண்டு முறையாவது ஏறி இறங்க வேண்டும். ஏப்ரல், மே மாதம் ஏசி போட்டுக்கொண்டு நான்கு பேரோடு இரண்டாம் கியரில் ஏறினால் இன்ஜின் கணினியோடு இணைத்து எண்களைப் படிக்கும் ஓபிடி கருவியில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சூடு 104 டிகிரி வரை போகும். அது ஆபத்தான எண் இல்லைதான், ஆனால் அந்த நேரத்தில் ஏசி குளிர் குறைந்து போகும், ஃபேன் நிற்காமல் அலறும். எதிரில் பஸ் வந்து வளைவில் நின்றுவிட்டால் காருக்குள் வெந்துபோகும்.

2020 அக்டோபரில், வாரண்டி முடிந்த பிறகு, வேலையை ஆரம்பித்தேன். முதலில் செய்த நல்ல காரியம், காரில் இருந்த கிரில்லைத் தொடாமல் சென்னை புதுப்பேட்டையில் இதே மாடலின் பழைய கிரில் ஒன்றும் மூலைப் பாகங்கள் இரண்டும் வாங்கி வந்தது. வெட்டுவது எல்லாம் அதில்தான். அசல் கிரில் இன்றைக்கும் துணி சுற்றிப் பரணில் இருக்கிறது. செய்ய நினைக்கிற யாருக்கும் நான் சொல்லும் முதல் வார்த்தை இதுதான், ஒரு கட்டம் தவறாக உடைந்தால் மனசு எவ்வளவு கஷ்டப்படும் என்பது வெட்டும்போதுதான் தெரியும்.

பாகத்தின் பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் அது என்ன பிளாஸ்டிக் என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும். என்னுடையது பிபி, அதாவது பாலிபுரொப்பிலீன். சில கார்களில் ஏபிஎஸ் என்ற வேறு வகை பிளாஸ்டிக் இருக்கும். இந்த வித்தியாசம் முக்கியம், ஏபிஎஸ்ஸில் பசையும் பெயின்ட்டும் பிடிக்கும், பிபியில் சாதாரணமாக எதுவும் ஒட்டாது. இது தெரியாமல் முதலில் நேராகக் கறுப்பு ஸ்பிரே அடித்தேன், எட்டு மாதத்தில் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து வந்தது. பிளாஸ்டிக்குக்கு என்றே விற்கும் பிரைமரை மெல்லியதாக அடித்துவிட்டு அதன்மேல் மேட் கறுப்பு அடித்தது இன்னும் நிற்கிறது.

வெட்டும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சால்டரிங் அயர்ன் வைத்து உருக்கி எடுக்கலாம் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். புகை மூச்சை அடைக்கும், ஓரம் எல்லாம் கட்டி கட்டியாக நிற்கும். சுழலும் சின்ன வெட்டும் கருவியை வேகமாக ஓட்டினாலும் இதே கதைதான், பிளாஸ்டிக் வெட்டுப்படாமல் உருகிப் பின்னாலேயே ஒட்டிக்கொள்ளும். எனக்குச் சரியாக வந்தது, ஒவ்வொரு கட்டத்தின் ஆறு மூலையிலும் 3 மில்லிமீட்டர் பிட்டால் மெதுவாக ஓட்டை போட்டு, ஒரு ஹாக்சா பிளேடை ஒடித்து ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு ஓட்டைகளை இணைத்து அறுத்து, கடைசியில் சின்ன அரத்தால் ராவுவது. ஒரு கட்டத்துக்கு எட்டு நிமிடம் ஆகும். நூற்றுச் சொச்சம் கட்டங்கள், இரண்டு வாரம் மாலை நேரம் முழுக்க அதிலேயே போயிற்று. கண்ணாடியும் மாஸ்க்கும் போடாமல் உட்காராதீர்கள்.

பம்பர் இறக்குவதில் பெரிய வித்தை இல்லை, ஆனால் கிளிப்புகள் உடையும், இருபது கிளிப் முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டி முடித்து மலை ஏறினால் 104 இருந்த இடத்தில் 102, 103 காட்டியது. இரண்டு வார உழைப்புக்கு அவ்வளவுதான் கிடைத்தது. வேகத்தை யோசித்துப் பார்த்தபோது காரணத்தில் ஒரு பாதி புரிந்தது. எதிர்க்காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கமாகக் கூடும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும், 80 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும் அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட 25 கிலோமீட்டரில் இருக்காது. மலையில் நான் ஏறுவதே 20, 25-ல்தான். அங்கே காற்றை இழுப்பது ஃபேன், காரின் வேகம் இல்லை.

மிச்சப் பாதியைச் சொன்னவர் நாமக்கல்லில் லாரி ரேடியேட்டர் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர். போனட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "ஓட்டையை நல்லாத்தான் போட்டிருக்கீங்க தம்பி, ஆனா உள்ள வர்ற காத்து ரேடியேட்டருக்குள்ளதான் போகணும்னு அதுக்கு என்ன கட்டாயம்? ரெண்டு பக்கமும் சந்து இருக்குது பாருங்க, அது வழியா நழுவிப் போயிருது" என்றார். பம்பருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இரண்டு பக்கமும் மூன்று விரல் அகலத்துக்கு இடைவெளி. காற்று எப்போதும் எளிதான வழியைத்தான் பிடிக்கும், ரேடியேட்டரின் ஃபின் என்ற மெல்லிய தகடுகளின் இடுக்கில் புகுந்து போவதைவிட சந்தில் போவது அதற்குச் சுலபம். இன்னொன்றும் காட்டினார், கார் நின்றுகொண்டிருக்கும்போது ரேடியேட்டரைத் தாண்டிப் போன சூடான காற்றே அந்தச் சந்து வழியாக மறுபடி முன்னால் வந்து திரும்ப உள்ளே போகிறது. ஒரு துண்டு பேப்பரை அங்கே பிடித்தார், பேப்பர் முன்பக்கமாகப் படபடத்தது. எனக்கு அன்றைக்குத்தான் விஷயம் விளங்கியது.

அடுத்த வாரமே சந்துகளை அடைத்தேன். 2 மில்லிமீட்டர் ரப்பர் ஷீட்டை அட்டையில் அளவெடுத்து வெட்டி, கிரில்லின் பின் ஓரத்தில் இருந்து ரேடியேட்டர் சட்டம் வரை இரண்டு பக்கமும் சுவர் மாதிரி நிறுத்தினேன். மேலும் கீழும் தண்ணீர் உறிஞ்சாத ஃபோம் பட்டை. செலவு 700 ரூபாய்க்குள், வேலை ஒரு நாள். 2021 ஏப்ரலில் அதே நாலு பேர், அதே ஏசி, அதே மதிய வெயிலில் ஏறினால் அதிகபட்சம் 98. நின்ற இடத்தில் ஏசி வாயில் வைத்த தெர்மாமீட்டர் முன்பு 14 டிகிரி காட்டும், அப்புறம் 11. ஐந்து வருடமாக இந்த எண்கள் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் மாறவில்லை. கிரில்லைத் திறக்காமல் சந்தை மட்டும் அடைத்திருந்தால் எவ்வளவு குறைந்திருக்கும் என்று தனியாகச் சோதிக்காமல் விட்டதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்கிறவர்கள் முதலில் சந்தை அடைத்துப் பாருங்கள், அதுவே போதும் என்றால் கிரில்லை அறுக்கவே வேண்டாம்.

சமதரையில் எந்த மாற்றமும் இல்லை. அங்கே கூலன்ட் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட்தான் எஜமான், முன்பும் 88, இப்போதும் 88. மைலேஜிலும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இல்லை.

திறந்தால் கல்லும் குப்பையும் உள்ளே வரும், ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் முதல் ஆளாக அடி வாங்கும், அதனால் வலை கட்டாயம். நான் முதலில் ஜன்னலுக்குப் போடும் ஸ்டீல் கொசுவலையைப் போட்டேன். அது பெரிய தப்பு. ஒரே மாதத்தில் பூச்சியும் தூசியும் அடைத்து, திறந்த கிரில்லை நானே மறுபடி மூடிய கணக்கு ஆயிற்று. பிறகு 6 மில்லிமீட்டர் கண், 1 மில்லிமீட்டர் கம்பி உள்ள ஸ்டெயின்லெஸ் வலை. கணக்குப் போட்டால் அதில் 73 சதவீதம் திறந்த இடம், பெரிய கல்லை நிறுத்தும், சின்னப் பூச்சியை விட்டுவிடும். பசை எதுவும் வேண்டாம், கறுப்பு நைலான் டை போட்டுக் கட்டியிருக்கிறேன், வருடத்துக்கு ஒருமுறை டைகளை மாற்றினால் போதும்.

எங்கள் பக்கத்து ரோட்டில் இன்னொரு தனி விஷயம் உண்டு. அறுவடைக் காலத்தில் கொள்ளு, ராகி, சோளம் எல்லாம் வண்டி ஏறி மிதிக்கட்டும் என்று தார் ரோட்டில் பரப்பி வைத்திருப்பார்கள். அவர்கள் பிழைப்பு அது, குறை சொல்ல முடியாது. ஆனால் அதன்மேல் ஒருமுறை போனால் தூசும் சுணையும் வலையைத் தாண்டி கண்டென்சரில் பஞ்சு மாதிரி படியும். தை, மாசியில் மாதம் ஒருமுறை பம்பருக்குக் கீழே இருந்து ஓஸ் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவுகிறேன். வாட்டர் வாஷ் கடையில் விட்டால் பிரஷர் கன்னை அங்கே காட்ட வேண்டாம் என்று பக்கத்திலேயே நின்று சொல்லிவிடுவேன், அந்த வேகத்தில் ஃபின் எல்லாம் மடங்கிப் படுத்துவிடும்.

பதினான்காவது மாதத்தில் ஒரு விரிசல் விழுந்தது. பின்னால் இருந்த மூடிய தகடுதான் கிரில்லுக்கு விறைப்பைக் கொடுத்திருக்கிறது, அதை எடுத்ததும் மெல்லிய கம்பிகள் மட்டும் மிஞ்சி, மேடு பள்ளத்தில் அதிர்ந்து அதிர்ந்து விட்டுவிட்டது. எபாக்ஸி பசை ஒரு மாதம்கூட நிற்கவில்லை. பைக் பாடி பாகங்கள் ஒட்டும் பிளாஸ்டிக் வெல்டிங் கடையில் சூடான கம்பி ஊசி பதித்து உருக்கி ஒட்டிக் கொடுத்தார்கள், அதோடு பின்பக்கம் குறுக்கே இரண்டு அலுமினியப் பட்டையும் திருகி விட்டேன். அதன்பிறகு தொந்தரவு இல்லை. இப்போது செய்வதாக இருந்தால் ஓரத்து இரண்டு வரிசைக் கட்டங்களை மூடியபடியே விட்டிருப்பேன்.

மூலை கிரில்கள் விஷயத்தில் மட்டும் நான் பின்வாங்கினேன். அவற்றைத் திறந்து, இரண்டரை அங்குல ஓஸ் வைத்து முன் பிரேக்குக்குக் காற்று கொண்டுபோனேன், இறங்கும்போது பிரேக் சூடாகிறதே என்ற பயத்தில். இரண்டே மாதத்தில் முழு ஸ்டியரிங் திருப்பத்தில் டயர் உரசி ஓஸ் கிழிந்தது. சரி செய்து மறுபடி ஓட்டி, காரவள்ளி அடிவாரத்தில் நிறுத்தி இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் டிஸ்க்கைப் பார்த்தேன். பளபளப்பான டிஸ்க்கில் இந்தக் கருவி குறைத்துத்தான் காட்டும், அதனால் எண்ணை ஒப்பிட மட்டும் எடுத்துக்கொண்டேன். ஓஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பத்து டிகிரிக்குள்தான் வித்தியாசம். மூன்றாம் கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டு இறங்குவதற்கும் இரண்டாம் கியரில் இன்ஜினே பிடிக்கும்படி இறங்குவதற்கும் நடுவில் எண்பது டிகிரிக்கு மேல் வித்தியாசம். 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓஸுக்குள் போகும் காற்று அவ்வளவு குறைவு. கியரும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றும் பிரேக் ஆயிலும்தான் அங்கே உயிரைக் காப்பவை. டாட் 4 என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிக்காமல் குறைந்தது 230 டிகிரி தாங்கும், ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 155 வரை இறங்கிவிடும்.

இன்னொரு காரணமும் இருந்தது. ஐப்பசி மழையில் வலது மூலை வழியாக அடித்த தண்ணீர் ஹாரனை நனைத்து, மலையில் வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்க வேண்டிய இடத்தில் அது தொண்டை கட்டிப்போனது. அன்றைக்கே முடிவு செய்து இரண்டு மூலைக்கும் பின்னால் தகடு வைத்துத் திருகி மூடிவிட்டேன். உங்கள் காரில் இன்ஜின் காற்று உறிஞ்சும் குழாயின் வாய் பம்பர் மூலைக்குப் பின்னால் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தைத் திறக்கவே கூடாது, தேங்கிய தண்ணீரில் ஒருமுறை உறிஞ்சினால் இன்ஜின் போய்விடும். அதேபோல முன்னால் போகும் வண்டியின் தூரத்தை அளக்கும் ரேடார் கிரில்லுக்குப் பின்னால் உள்ள புது கார்களில் உலோக வலை போடாதீர்கள், ரேடாரின் கண்ணைக் கட்டிய மாதிரி ஆகிவிடும். பம்பருக்குள் இருக்கும் தெர்மாகோல் மாதிரியான ஃபோமையும் இரும்புச் சட்டத்தையும் யார் சொன்னாலும் வெட்டாதீர்கள், மோதினால் அடியை வாங்க அவைதான் இருக்கின்றன.

இப்போது 2025 நவம்பர். நடு கிரில் திறந்தபடியே இருக்கிறது, வலையில் மூன்று இடத்தில் கல் பட்ட பள்ளம், அந்த இடங்களுக்குப் பின்னால் கண்டென்சர் முழுசாக இருக்கிறது. இடது பக்க ரப்பர் ஷீட் ஒருமுறை மாற்றியாயிற்று, வலது பக்கத்து ஷீட் ஓரத்தில் வெடிப்பு விட ஆரம்பித்திருக்கிறது, மார்ச்சுக்குள் அதையும் மாற்ற வேண்டும்.