கழுத்துப்பட்டையா, மார்புப்பட்டையா?
மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் கல்யாண ஊர்வலத்துக்கு இரட்டைக் குதிரை வண்டி கட்ட நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது மணியும் குஞ்சமும்தான். குதிரை எதை வைத்து இழுக்கிறது என்பதை அப்புறம்தான் யோசிக்கிறார்கள்.

கழுத்தைச் சுற்றி மாட்டும் மெத்தை வைத்த வளையம்தான் கழுத்துப்பட்டை. அது பாரத்தை இரண்டு தோள்களிலும் பரப்பிவிடும். தோட்டத்து மேட்டில் ஏறும் கனமான வண்டிக்கு இதுதான் சரி. ஆனால் அளவு பிசகக்கூடாது. பட்டையின் அடிப்பக்கம் மூச்சுக்குழாய்க்கு முன்னால் கை நுழைய இடம் வேண்டும். குதிரை இளைத்தாலும் கொழுத்தாலும் பொருந்தாது. ஒன்றின் பட்டையை மற்றதற்கு மாட்டவும் முடியாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்மெத்தை வியர்வையைக் குடித்து, காயாமல் பூஞ்சை பிடிக்கும்.

மார்புக்குக் குறுக்கே போகும் அகல வாரான மார்புப்பட்டையில் அந்தத் தொல்லை குறைவு. வார்த் துளையை மாற்றினால் வேறு குதிரைக்கும் ஆகும். தார் ரோட்டில் போகும் இலேசான ஊர்வல வண்டிக்கு நான் இதைத்தான் வாங்குவேன். ஒன்று மட்டும்: பட்டையை வண்டியோடு இணைக்கும் இழுவை வார்களை அசையாத சட்டத்தில் மாட்டினால், ஒவ்வோர் அடிக்கும் பட்டை தோளைத் தேய்த்துப் புண்ணாக்கும். அவற்றை மாட்ட, குதிரைக்கு ஒன்றாக, அசைந்து கொடுக்கும் குறுக்குக்கட்டை வேண்டும். பட்டை மேலே ஏறினால் மூச்சு முட்டும், கீழே இறங்கினால் தோள் மூட்டைத் தடுக்கும். இறக்கத்தில் வண்டி முன்னால் தள்ளும்போது, ஏர்க்காலில் (இரண்டு குதிரைக்கும் நடுவே நீளும் கம்பில்) கட்டிய வார் வழியாக அந்தச் சுமை, மார்புப்பட்டையைத் தாங்கிக் கழுத்தின் மேல் போகும் பிடரி வாரில் விழும். அதனால் பிடரி வார் அகலமாக, மெத்தை வைத்ததாக இருக்கட்டும்.

வளையமும் கொக்கியும்? பித்தளையோ எவர்சில்வரோ, உங்கள் இஷ்டம். பித்தளையைக் குத்துவிளக்கு மாதிரி தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முலாம் பூசிய இரும்பு மட்டும் வேண்டாம். முலாம் உரிந்ததும் நம் மழைக்குத் துருவேறிவிடும்.