செல்டாவின் கோரான்கள்: கோத்தகிரியிலிருந்து ஒரு நீண்டநாள் அனுபவம்

நிண்டெண்டோவின் செல்டா வீடியோ விளையாட்டுகளைப் பல வருஷமாக, திரும்பத் திரும்ப, வரிசை மாற்றி மாற்றி விளையாடி வருகிறேன். அதில் வரும் இனங்களில் கோரான்களைப் பற்றி மட்டும் தனியாக எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாறை படிந்த முதுகு, பெருத்த வயிறு, சுருண்டால் உருண்டை. சாப்பாடு கல். பெரும்பாலான பாகங்களில் எரிமலைப் பக்கம்தான் குடியிருப்பு. 1998-ல் நிண்டெண்டோ 64 கன்சோலுக்கு வந்த ஒக்கரினா ஆஃப் டைமில்தான் முதலில் வந்தார்கள். அன்றிலிருந்து பெரிய பாகங்களில் பெரும்பாலானவற்றில் ஏதோ ஒரு விதத்தில் இருக்கிறார்கள்.

நான் கோத்தகிரிப் பக்கம் தேயிலைக்காரன். மலையில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் விளையாட்டில் மலை வந்தாலே கொஞ்சம் உற்றுப் பார்ப்பேன். பெரும்பாலான விளையாட்டுகளில் மலை என்பது ஏறி நின்று ஊரைப் பார்க்கிற இடம், அவ்வளவுதான். அங்கே இருக்கிறவன் எதைச் சாப்பிடுகிறான், என்ன வேலை செய்கிறான், பாதை அடைபட்டால் என்ன ஆவான் என்று யாரும் யோசிப்பதில்லை. கோரான்களை உருவாக்கியவர்கள் யோசித்திருக்கிறார்கள். அவர்களுடைய சாப்பாடும் பிழைப்பும் கதையின் நடுவில் இருக்கிற பாகங்கள் எத்தனை தடவை திரும்பப் போனாலும் எனக்குச் சலிக்கவில்லை. வெறும் பலசாலி நண்பர்களாக வந்துபோகும் பாகங்கள் ஒரு தடவையோடு சரி.

ஒக்கரினாவையே எடுத்துக்கொள்ளுங்கள். டொடோங்கோ குகையின் வாயைப் பாறையால் அடைத்துவிடுகிறார்கள், கோரான் நகரம் பட்டினி கிடக்கிறது. மலை முழுக்கக் கல்தானே, எடுத்துத் தின்ன வேண்டியதுதானே என்று என் அக்கா பையன் கேட்டான். அந்தக் குகைக் கல்தான் அவர்களுக்கு ருசி, மற்றது தொண்டையில் இறங்காது. "மாமா, அப்போ நம்ம பாட்டிக்கு ரேஷன் அரிசி மாதிரியா?" என்றான். சரியாகத்தான் பிடித்துக்கொண்டான். தலைவர் தருனியா முதலில் நம்மை, அதாவது நாம் ஓட்டும் லிங்க் என்ற சிறுவனைப் பார்த்ததும் எரிந்து விழுவார், அரசனிடமிருந்து தூதன் வருவான் என்று காத்திருந்தால் ஒரு சின்னப் பையன் வந்து நிற்கிறானே என்ற கோபம். லிங்க்கின் தோழி சாரியாவின் பாட்டை வாசித்ததும் அதே ஆள் கூத்தாடுகிறார். ஊர் பசியில் கிடக்கும்போது தலைவனுக்குள் இருக்கிற இறுக்கத்தையும் அது சட்டென்று தளர்வதையும் வசனமே அதிகம் இல்லாமல் காட்டியிருக்கிறார்கள். வேலையை முடித்தபிறகு லிங்க்கைச் சகோதரனாக ஏற்றுக்கொள்வது வெறும் சடங்காகத் தெரியவில்லை.

டெத் மவுண்டன் பாதையில் கல் உருண்டு வருவதைப் பற்றியும் சொல்லவேண்டும். சிறுவன் லிங்க்குக்கு ஹைலியன் கேடயம் பெரிசு, கையில் பிடிக்க முடியாது, முதுகில்தான் தொங்கும். குனிந்து உட்கார்ந்தால் அது மேலே மூடிக்கொள்ளும், விழுகிற கல் பட்டுத் தெறிக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண்ணும் கல்லும் சரிந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஏற்றத்தில் வரும் பயம் சும்மா வருவதில்லை.

ஏழு வருஷம் கழித்து, பெரியவனான லிங்க் அதே நகரத்துக்குப் போகிற இடம்தான் இந்தப் பாகத்தின் உச்சம். நகரமே காலி. மற்றவர்களையெல்லாம் வொல்வேஜியா என்ற டிராகனுக்கு இரையாக்கப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு குட்டி கோரான் மட்டும் பயத்தில் உருண்டுகொண்டே இருக்கிறான், அவன் தருனியாவின் மகன், பெயர் லிங்க். நம் பெயரைத்தான் வைத்திருக்கிறார். பிள்ளைகள் கோயம்புத்தூர், திருப்பூர் என்று இறங்கிப் போய், வயசானவர்கள் மட்டும் மிஞ்சிய ஊர்கள் எங்கள் மலையிலும் உண்டு. அந்தக் காலி நகரத்தின் அமைதியை நான் ஒவ்வொரு தடவையும் வேகமாகக் கடந்துவிடுவேன், ரொம்ப நேரம் நிற்க முடிவதில்லை.

ஆனாலும் என் கணக்கில் முதல் இடம் 2000-ல் வந்த மஜோராஸ் மாஸ்க்குக்குத்தான். இதில் எரிமலை இல்லை, பனி. ஸ்னோஹெட் மலையில் குளிர்காலம் முடியாமல் நின்றுவிடுகிறது, கோரான்கள் விறைத்துப்போய்க் கிடக்கிறார்கள். தர்மானி என்ற வீரன் அதைச் சரிசெய்யப் போய், காற்றில் தள்ளப்பட்டு விழுந்து செத்துப்போயிருக்கிறான். அவன் ஆவியை ஆற்றுப்படுத்தினால் அவன் முகமூடியாகக் கிடைக்கிறான், அதை அணிந்ததும் நாமே கோரான் ஆகிறோம். ஊர்க்காரர்கள் நம்மைத் தர்மானி என்று நினைத்துப் பேசுகிறார்கள், செத்தவன் திரும்பி வந்துவிட்டான் என்று அவர்கள் சந்தோஷப்படும்போது நமக்கு மட்டும் உண்மை தெரியும். விளையாட்டில் இவ்வளவு கனமான இடம் எனக்கு அதிகம் கிடைத்ததில்லை.

நீலகிரியில் டிசம்பர் ஜனவரியில் உறைபனி விழும். காலையில் பார்த்தால் புல்வெளி வெள்ளையாக இருக்கும், சுற்றுலா வந்தவர்கள் படம் எடுப்பார்கள். வெயில் ஏறினதும் தேயிலைக் கொழுந்து கருகி நிற்கும், அப்புறம் அந்தச் செடி துளிர்த்து இலை பறிக்கிற நிலைக்கு வரும்வரை வருமானம் இல்லை. ஆகவே ஸ்னோஹெட் பனி எனக்கு அழகாகத் தெரியவே இல்லை. ஸ்னோஹெட் கோயிலில் இருக்கும் கோத் என்ற இயந்திர மிருகத்தை வீழ்த்தியதும் மலை பச்சையாகி, வெந்நீர் தேடித் திரிந்த இடத்தில் தண்ணீர் ஓடுகிறது. ஆனால் இந்த விளையாட்டில் அதே மூன்று நாள்தான் திரும்பத் திரும்ப வரும், அந்தச் சுழற்சி முடிந்து காலத்தைப் பின்னால் திருப்பினால் மறுபடியும் பனி. வசந்தம் வந்ததை அந்த ஊரில் யாருக்கும் நினைவிருக்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தக் கோயிலைத் தேவையில்லாமல் மறுபடி முடித்திருக்கிறேன்.

உருளுகிற அனுபவமும் இதில்தான் முழுசாக இருக்கிறது. கொஞ்ச தூரம் உருண்டு வேகம் பிடித்ததும் உடம்பில் முள் முளைக்கும், அப்புறம் மேஜிக் செலவாகிக்கொண்டே போகும். தண்ணீரில் விழுந்தால் மூழ்கிவிடுவோம், நெருப்புத் தரை ஒன்றும் செய்யாது. ஒரு கனத்த உடம்பை ஓட்டுகிறோம் என்பது விரலில் தெரிகிறது. கோரான் ரேஸ் கஷ்டம்தான், ஆனால் ஜெயித்தால் தங்கத்தூள் கிடைக்கும், அதை வைத்துத்தான் வாளைக் கடைசி நிலைக்குக் கொண்டுபோக முடியும்.

2006-ல் வந்த ட்விலைட் பிரின்சஸில் இரும்பு பூட்ஸ் போட்டுக்கொண்டு கோரான்களோடு மல்லுக்கட்டுவது நன்றாக இருக்கும், சுரங்கத்தில் காந்தத்தில் ஒட்டி கூரையில் நடப்பது அதைவிட நன்றாக இருக்கும். இருந்தாலும் அந்த ஊர் மனசில் தங்கவில்லை. விண்ட் வேக்கரில் ஊர் ஊராகச் சுற்றும் வியாபாரிகளாக வருகிறார்கள், மலையே இல்லாத கோரான் எனக்கு ஒட்டவில்லை.

ப்ரெத் ஆஃப் தி வைல்ட் வந்தது 2017. இதில் மலை நம்மை உள்ளே விடாது. சும்மா போனால் உடம்பில் தீப்பிடிக்கும், கையில் மர ஆயுதம் இருந்தால் அதுவும் எரியும், வெடி அம்பைத் தொடுத்தால் கையிலேயே வெடிக்கும். அடிவாரக் குதிரை லாயத்திலேயே தீ தாங்கும் மருந்து வாங்கிக்கொண்டு போங்கள். தெற்குச் சுரங்கத்தில் ஒரு கோரானுக்குத் தீத்தாங்கிப் பல்லி 10 பிடித்துக் கொடுத்தால் தீ தாங்கும் கவசத்தின் மேல் சட்டை சும்மாவே கிடைக்கும். நகரத்துக்கு அது ஒன்று போதும். எரிமலை வாய் வரை போக இன்னொரு துண்டும் வேண்டும், நகரக் கடையில் இருக்கிறது, 2,000 ரூபீ (விளையாட்டில் வரும் காசு) தலைக்கவசத்தை விட்டுவிட்டு 700-க்கு பூட்ஸ் வாங்கினால் போதும்.

இந்தப் பாகத்தில் கோரான்கள் சுரங்கத் தொழிலாளிகள், கம்பெனியே நடத்துகிறார்கள். ருடானியா என்ற இயந்திரப் பல்லி மலையைக் கிளறுவதால் வடக்குச் சுரங்கத்தை மூடவேண்டியிருக்கிறது. தலைவர் ப்ளூடோவுக்கு முதுகுவலி. அதற்கு மருந்து எடுக்க அந்தச் சுரங்கத்துக்குப் போன யுனோபோ என்ற இளம் கோரான் அங்கே மாட்டிக்கொள்கிறான். அவன் பயந்தவன், மாவீரன் டாருக்கின் வழித்தோன்றல், அந்தச் சுமை அவன் பேச்சில் தெரியும். அவனைக் கூட்டிக்கொண்டு மலை ஏறும் பகுதி மட்டும் எனக்கு எரிச்சல். விசில் அடித்து நிறுத்து, விசில் அடித்து வரச்சொல், காவல் இயந்திரத்தின் கண்ணில் படாதே என்று இழுத்துக்கொண்டே போகும். முதல் தடவை சுவாரசியம், அப்புறம் வேலை.

2023-ல் வந்த டியர்ஸ் ஆஃப் தி கிங்டம் பற்றித்தான் எனக்கு மனத்தாங்கல். எரிமலை அடங்கிவிட்டது, வெறுமனே நடந்து போய் நகரத்துக்குள் நுழைந்துவிடலாம். கதை என்னவோ நல்ல கதை. ஏதோ ஒரு மோசமான கல் இறைச்சிக்குப் பெரியவர்கள் அடிமையாகி, வேலையை விட்டுவிட்டுத் தின்றுகொண்டே கிடக்கிறார்கள், பிள்ளைகள் கவலையோடு நிற்கிறார்கள். மலையூரில் சாராயம் என்ன செய்யும் என்று பார்த்தவர்களுக்கு அது புரியும். ஆனால் அந்தக் கவலையை இன்னும் கொஞ்ச நேரம் நீட்டியிருக்கலாம், சண்டை முடிந்ததும் எல்லோரும் சட்டென்று தெளிந்துவிடுகிறார்கள். யுனோபோவின் உருளும் தாக்குதல் சுரங்க வண்டியில் போகும்போது அருமை, அவன் முன்னால் வந்து தயாராக நிற்பான். தரையில் சண்டை நடக்கும்போது அவனைத் தேடி ஓடிப்போய் பட்டன் அமுக்கவேண்டும், அது தொல்லை.

இனி தொடங்குகிறவர்களுக்கு: ஒக்கரினாவும் மஜோராஸ் மாஸ்க்கும் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலுக்கான ஸ்விட்ச் ஆன்லைனின் எக்ஸ்பேன்ஷன் பேக் சந்தாவில் இருக்கின்றன, பழைய கன்சோலைத் தேடி அலையவேண்டாம். கையில் வைத்து விளையாடும் கன்சோல் என்பதால் மழைக்காலத்தில் கரண்ட் போனாலும் பேட்டரி இருக்கும்வரை ஓடும், எங்கள் ஊருக்கு அது பெரிய விஷயம். அக்கா பையன் இப்போது ஸ்னோஹெட்டில் நிற்கிறான். அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: மேலே போகும் ஒற்றைப் பாதையில் காற்றை ஊதித் தள்ளுகிறவனைச் சண்டை போட்டு நகர்த்தப் பார்க்காதீர்கள், தலைவரின் அழும் பிள்ளையிடம் போய்த் தாலாட்டை முழுசாகக் கற்றுக்கொண்டு வாருங்கள், மேஜிக்கை நிரப்பிக்கொள்ளுங்கள், அப்புறம் ஏறுங்கள்.