நட்சத்திரம் பார்த்து ஆசிரியரைத் தேடலாமா?

இணையத்தில் மொழி ஆசிரியரைத் தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவது நட்சத்திரங்கள். ஒருவருக்கு 4.9, அடுத்தவருக்கும் 4.9, அதற்கடுத்தவருக்கு முழு 5. வகுப்பே முதல் மதிப்பெண் வாங்கியிருந்தால் யாரைத் தேர்ந்தெடுப்பது? பிடிக்காதவர்கள் ஒன்றும் எழுதாமல் விலகிவிடுகிறார்கள். முகம் பார்த்துப் பேசியவருக்கு மதிப்பெண்ணைக் குறைக்க யாருக்குத்தான் கை வரும்? ஒரு ஐந்து நட்சத்திரக்காரரிடம் நானும் சிக்கியிருக்கிறேன். ஒரு மணி நேரத்தில் முக்கால் மணி நேரம் அவரே பேசினார். சுவையாகத்தான் பேசினார்.

ஆகவே, ஆசிரியர்களை எப்படிப் பிரித்துக் காட்டுகிறார்கள், பிடிக்காவிட்டால் எவ்வளவு எளிதாக மாற முடிகிறது என்ற இரண்டையும் வைத்தே தளங்களை எடைபோடுகிறேன்.

2007இல் தொடங்கிய ஐடாக்கி, தகுதிச் சான்று காட்டியவர்களைத் தொழில்முறை ஆசிரியர்கள் என்றும், மற்றவர்களைச் சமூக ஆசிரியர்கள் என்றும் பிரிக்கிறது. இந்தப் பிரிவினை எனக்குப் பிடிக்கும். 'ஓடு' என்பது 'ஓடினான்' ஆகும்போது 'போடு' மட்டும் ஏன் 'போட்டான்' ஆகிறது என்று தமிழரிடம் கேட்டுப் பாருங்கள். "அப்படித்தான் சொல்வோம்" என்பார் பெரும்பாலானவர். எந்த மொழிக்காரரும் அப்படித்தான். தொடக்க நிலையில் அந்தப் பதில் போதாது. பேச்சுப் பழக்கத்துக்கு வந்த பிறகு அதுவே போதும். வகுப்புக்கு வகுப்பு பணம் கட்டுவதால் மாறுவதும் எளிது.

2012இல் வந்த ப்ரெப்ளியில், சோதனை வகுப்புக்குப் பிறகு சந்தா முறை. சோதனை வகுப்பின் கட்டணம் முழுவதையும் நிறுவனமே எடுத்துக்கொள்கிறது. பிறகு 33 சதவீதத்தில் தொடங்கும் கமிஷன், ஆசிரியர் நடத்திய மணிநேரம் கூடக் கூட 18 சதவீதம் வரை இறங்கும். முதல் வகுப்பைச் சம்பளமின்றி நடத்துகிறவர் அதிலேயே உங்களைப் பிடித்துவைக்கத்தான் பார்ப்பார். அந்தப் பளபளப்பை நான் பாதியாகவே கணக்கிடுவேன். சோதனை வகுப்பு பிடிக்காவிட்டால் இன்னொருவரிடம் இலவசமாக முயல வழி உண்டு என்பது நல்ல ஏற்பாடு.

லிங்கோடாவின் குழு வகுப்புகளில் நேரமும் பாடமும்தான் உங்கள் தேர்வு, ஆசிரியர் அல்ல. ஏ1, ஏ2 என்ற தொடக்க நிலைகளில் இருந்து படிப்படியாகப் பாடத்திட்டம் ஒழுங்காக நகர்கிறது. ஆனால் புது முகங்களுக்கு நடுவே மறுபடியும் மறுபடியும் "என் பெயர்..." என்று தொடங்க வேண்டியிருக்கும். ஒரே ஆசிரியரிடம் சோம்பல் பழகிவிட்டவர்களுக்கு அதுவும் மருந்துதான்.

டேண்டம், ஹலோடாக் இரண்டும் மொழிப் பரிமாற்றத்துக்கானவை, அதாவது இருவர் தத்தம் மொழியை ஒருவருக்கொருவர் பழக்கிக்கொள்வதற்கானவை. எதிரில் இருப்பவர் நண்பர். நண்பர் பிழை திருத்த மாட்டார்.

புதிதாகத் தொடங்குகிறவர் என்றால் ஐடாக்கியின் தொழில்முறை ஆசிரியரிடம் பத்து வகுப்புகள், பிறகு சமூக ஆசிரியர் என்பேன். எந்தத் தளமானாலும் சோதனை வகுப்பில் வேண்டுமென்றே ஒரே பிழையை இரண்டு முறை செய்வேன். வாக்கியத்தை முடிக்கவிட்டு, பிழையை எழுதிக் காட்டி, வகுப்பு முடியும்போது அதையே மறுபடி கேட்கிறவர் கிடைத்துவிட்டால், அடுத்தவரின் அறிமுகக் காணொளியை நான் திறப்பதில்லை.