புரூக்லண்ட்ஸ்: விமானத்துக்கு முன் அந்தக் கான்கிரீட்டைப் பாருங்கள்

இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், வேபிரிட்ஜ் ஊரை ஒட்டி இருக்கிறது புரூக்லண்ட்ஸ் அருங்காட்சியகம். உள்ளே நுழைகிறவர்களில் பலர் நேரே கான்கார்டு விமானத்தை நோக்கி நடக்கிறார்கள். அந்த ஆசை எனக்கும் புரிகிறது. ஆனாலும் முதலில் இங்குள்ள பழைய கார்ப் பந்தயத் தடத்தின் 'மெம்பர்ஸ் பேங்கிங்' என்ற சாய்தளத்துக்குப் போய், அதன் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள் என்பேன். வேலைக்காலம் முழுவதும் சாலை போட்டவன் நான். கான்கிரீட்டில் ஒரு விரிசல் கண்டால் குனிந்து பார்க்காமல் நகர மாட்டேன். இந்த மதிப்புரையும் அந்தக் கண்ணோடு எழுதியதுதான்.

கார்ப் பந்தயத்துக்கென்றே வளைவுகளை உயர்த்திக் கட்டிய உலகின் முதல் தடம் இது. திறந்த ஆண்டு 1907. அன்று பிரிட்டனின் பொதுச் சாலைகளில் கார்கள் மணிக்கு 20 மைலுக்கு மேல், அதாவது சுமார் 32 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். பிரான்சும் இத்தாலியும் பொதுச் சாலைகளிலேயே பந்தயம் நடத்திக்கொண்டிருக்க, பிரிட்டிஷ் கார் நிறுவனங்களுக்கு வேகத்தைச் சோதிக்க இடமே இல்லை. ஹியூ லாக் கிங் என்ற நிலக்கிழார் தன் சொந்த நிலத்தில், சொந்தப் பணத்தில் அந்த இடத்தைக் கட்டிக் கொடுத்தார். செலவு சுமார் ஒன்றரை லட்சம் பவுண்டு. அது அவருடைய செல்வத்தையே ஆட்டிவிட்டது. பணமும் அவருடைய உடல்நலமும் தளர்ந்தபோது வேலையை முடித்துத் தந்தவர் மனைவி எத்தல். திறப்பு நாளன்று கார் ஊர்வலத்துக்கு முன்னால் தன் இட்டாலா காரை ஓட்டிச் சென்றவரும் அவரே. தடத்தின் வரலாற்றைச் சொல்லும்போது கணவருக்குச் சமமாக அவரையும் சொல்லியாக வேண்டும்.

வடிவமைத்தவர் ராணுவப் பொறியாளர் கர்னல் ஹோல்டன். சுற்று 4.43 கிலோமீட்டர். அகலம் 30 மீட்டர். வளைவுகளின் வெளி ஓரம் சில இடங்களில் 9 மீட்டர் உயரம் வரை எழும்புகிறது. சாதாரணச் சாலை வளைவில் வெளி ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் போடுவதை நாங்கள் சூப்பர் எலிவேஷன் என்போம். இங்கே அது ஒரு மலைச்சரிவு. அதுவும் தட்டையான சரிவல்ல. குழிவாக, மேலே போகப் போகச் செங்குத்து கூடுகிறது. வேகமாக வருகிற கார் மேலேயும், மெதுவாக வருகிற கார் கீழேயும் தத்தம் இடத்தைத் தாமே கண்டுகொள்ளும். தடத்தின் நடுவே ஓடிய கறுப்புப் புள்ளிக்கோட்டுக்கு 'ஐம்பதடிக் கோடு' என்று பெயர். அந்தக் கோட்டைப் பிடித்துப் போனால் ஸ்டியரிங்கைத் திருப்பாமலே வளைவைக் கடக்கலாம் என்பது கணக்கு. கையால் கணக்குப் போட்ட காலத்தில் ஒருவர் இதை யோசித்து நிலத்தில் இறக்கியிருக்கிறார். அடியில் நின்று அந்தக் குழிவைப் பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

இனி, கான்கிரீட். இவ்வளவு சாய்வில் தார்க்கலவையைப் பரப்பிக் கெட்டிப்படுத்துவது கடினம். நல்ல அஸ்பால்ட் போட்டிருந்தால் செலவு இன்னும் ஏறியிருக்கும். ஆகவே மேற்பூச்சு எதுவும் இல்லாமல் வெறும் கான்கிரீட்டையே தடமாக விட்டார்கள். கீழே கொட்டிய மண் எல்லா இடத்திலும் ஒரே அளவு அமிழவில்லை. சில ஆண்டுகளிலேயே மேடும் பள்ளமும் தெரியத் தொடங்கின. ஒட்டுப் போட்டார்கள், மறுபடி அமிழ்ந்தது. வே ஆற்றின் மேல் தடம் கடந்த இடத்தில் உண்டான மேடு பேர்போனது. அங்கே கார்களின் நான்கு சக்கரமும் தரையை விட்டு எழும்பி நிற்கும் படங்கள் இருக்கின்றன. பந்தய ரசிகர்கள் அவற்றில் வீரத்தைப் பார்ப்பார்கள். எனக்குக் கண்ணில் படுவது அடித்தளம். புதிதாகக் கொட்டிய மண்ணுக்குக் காலம் கொடுக்காமல் மாதக் கணக்கில் கட்டி முடித்ததன் விலை அது. ஆனால் அந்த விலைதான் இந்தத் தடத்துக்குத் தனிக் குணம் தந்தது என்றும் உறுதியாக நம்புகிறேன். காரின் ஸ்பிரிங்கும் டயரும் அடிச்சட்டகமும் இங்கே உடைந்து உடைந்துதான் மேம்பட்டன.

இதைச் சரியாகப் புரிந்துகொள்ள உள்ளே நிற்கும் நேப்பியர்-ரெயில்டன் காரைப் பாருங்கள். கிட்டத்தட்ட 24 லிட்டர் கொள்ளளவுள்ள 12 சிலிண்டர் விமான எஞ்சின். பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டுமே! இந்தத் தடத்தில் அதற்குமேல் தேவைப்படவில்லை. 1935 அக்டோபரில் ஜான் காப் இதில் ஒரு சுற்றை மணிக்கு 230.8 கிலோமீட்டர் சராசரியில் முடித்தார். தடம் கட்டத் தொடங்கிய 1906-ல் உலகின் மிக வேகமான கார் நேர்கோட்டில் எட்டியதே 205 கிலோமீட்டர்தான். அதைவிட வேகமாக, அமிழ்ந்து போன அந்தப் பழைய கான்கிரீட்டில், வளைவு வளைவாகச் சுற்றியிருக்கிறார். அந்தச் சாதனையை யாரும் மிஞ்சவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் குவெண்டா ஹாக்ஸ் என்ற பெண் ஓட்டுநர் ஒரு சுற்றை மணிக்கு 218 கிலோமீட்டருக்கு மேல் சராசரியில் ஓட்டினார். அவருடைய போட்டியாளர் கே பெட்ரி ஐந்தடி உயரம்கூட இல்லாதவர், பத்தரை லிட்டர் எஞ்சின் கொண்ட டெலாஜ் காரில் மணிக்கு ஒரு மைல் சொச்சம்தான் பின்தங்கினார். இந்த இருவரின் கதைக்காக மட்டுமே கூட இங்கே வரலாம்.

தொடக்கத்தில் பந்தய நடைமுறை முழுவதும் குதிரைப் பந்தயத்தைப் பார்த்து எழுதியது. எண்களுக்குப் பதிலாக ஓட்டுநர்கள் வண்ணச் சட்டை போட்டார்கள். 1926-ல் முதல் பிரிட்டிஷ் கிராண்ட் பிரி இங்கேதான் நடந்தது. வென்ற டெலாஜ் காரின் புகைக்குழாய்ச் சூட்டில் கால்கள் வெந்துபோக, ஓட்டுநர்கள் நிறுத்தங்களில் தண்ணீர்த் தட்டில் பாதத்தை வைத்துக்கொண்டார்கள். ஊர்க்காரர்கள் சத்தத்தைப் பொறுக்காமல் வழக்குப் போட்டதும், பிறகு கார்களுக்குப் பெரிய சைலன்சர் கட்டாயமானதும் தனிக் கதை.

'டெஸ்ட் ஹில்' என்ற சோதனை மேட்டையும் விடாதீர்கள். 1909-ல் கட்டியது. அடியில் எட்டுக்கு ஒன்று (எட்டடி போனால் ஓரடி ஏற்றம்), நடுவில் ஐந்துக்கு ஒன்று, உச்சியில் நான்குக்கு ஒன்று என்று சரிவு கூடும். நடந்து ஏறினாலே எஞ்சினும் பிரேக்கும் எதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பது முழங்காலில் தெரிந்துவிடும்.

1939-ல் போர் வந்தது, பந்தயம் நின்றது. இடம் விமானத் தொழிற்சாலையானது. எதிரி விமானங்களின் கண்ணுக்குத் தப்ப, தடத்திலேயே மரம் நட்டார்கள். 1946-ல் விமானம் கட்டும் விக்கர்ஸ் நிறுவனத்துக்கு விற்றார்கள். 1951-ல் வேலியண்ட் குண்டுவீச்சு விமானங்கள் பறந்து வெளியேற வழிவேண்டி சாய்தளத்தின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். சாலைக்காரனாக எனக்கு அது வலிக்கிறது, ஆனால் விமானங்களின் வரலாறும் இந்த மண்ணுக்குரியதே என்பதை மறுக்க முடியாது. லாக் நெஸ் ஏரியிலிருந்து 1985-ல் தூக்கிய, இங்கே கட்டிய வெலிங்டன் குண்டுவீச்சு விமானத்தின் முன் நின்றால் அது புரியும். அருங்காட்சியகம் 1991-ல் திறந்தது. போர்க்காலக் கொட்டகை ஒன்றை நகர்த்தி, அதன் அடியில் மறைந்திருந்த, பந்தயம் முடியும் நேர்ப் பாதையை 2017-ல் மீட்டிருக்கிறார்கள். மிக நல்ல வேலை. சாய்தளத்தைப் புதிதாகப் பூசி மினுக்காமல் பாசியும் விரிசலுமாக விட்டதைத்தான் இன்னும் பெரிதாகப் பாராட்டுகிறேன். பூசியிருந்தால் அமிழ்ந்த இடமெல்லாம் மறைந்திருக்கும்.

லண்டன் வாட்டர்லூவிலிருந்து வேபிரிட்ஜுக்கு ரயில் இருக்கிறது. தடத்தின் ஒரு பக்கமே அந்த ரயில் பாதையை ஒட்டித்தான் ஓடியது. மழை பெய்திருந்தால் பாசி வழுக்கும், பிடிமானமுள்ள செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள். கார்களை மட்டும் பார்க்க அரை நாள் போதும், மற்றவையும் வேண்டுமென்றால் முழு நாளும் வேண்டும். அறிவிப்புப் பலகைகளோடு நின்றுவிடாமல் அங்கிருக்கும் தன்னார்வலர்களிடம் பேச்சுக் கொடுங்கள். எந்த ஒட்டு பழையது, எது பின்னால் போட்டது என்று கேட்டால் சாய்தளத்தைப் பார்க்கும் பார்வையே மாறும்.