ஒரே கஸ்டமர், இரண்டு பதிவு: தடுப்பதா, எச்சரிப்பதா?

ஒரே கடைக்காரருக்கு நம் ஆட்கள் இரண்டு பேர் ஒரே நாளில் இரண்டு விலை சொன்னால், அந்த ஆர்டர் போனது போனதுதான். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் இது நடந்தது. வாடிக்கையாளர் விவரங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருளான சிஆர்எம்மில் 'ஸ்ரீ முருகன் ஸ்டோர்ஸ்' என்று ஒரு பதிவு, 'முருகன் ஸ்டோர்' என்று இன்னொன்று. இரண்டிலும் ஒரே போன் நம்பர்தான். ஒன்றில் மட்டும் முன்னால் +91 இருந்தது.

இதை ஒவ்வொரு சிஆர்எம்மும் ஒவ்வொரு விதமாகக் கையாள்கிறது. ஹப்ஸ்பாட் என்ற சிஆர்எம் ஆட்களை மின்னஞ்சலை வைத்து அடையாளம் காண்கிறது, நிறுவனங்களை இணைய முகவரியை வைத்து. மின்னஞ்சலே தராத வாடிக்கையாளர் என்றால், ஒரே போன் நம்பரில் இரண்டு பதிவும் உள்ளே போய்விடும். இரட்டைப் பதிவுகளைத் தேடித் தரும் கருவி கட்டணத் திட்டங்களில் உண்டு. ஆனால் அது கண்டுபிடிப்பதற்குள் விற்பனையாளர் பேசி முடித்திருப்பார்.

ஜோஹோ என்ற சிஆர்எம்மில், போன் நம்பர் திரும்ப வரக்கூடாது என்று அதை நிரப்பும் பெட்டியிலேயே அமைத்துவிடலாம். அமைப்பது சுலபம், பதிவும் சேமிக்கவே விடாது. சிக்கலும் அங்கேதான். மாலை ஆறு மணிக்குள் பத்து பதிவு போட்டாக வேண்டியவர் ஒரு இலக்கத்தை மாற்றிப் போட்டுவிட்டுப் போவார். இரட்டைப் பதிவுக்குப் பொய் நம்பரே மேலா?

சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற சிஆர்எம்மில் இரண்டு விதிகள். எது எதோடு ஒத்துப்போனால் இரட்டை என்பதை ஒன்று சொல்கிறது, அப்போது என்ன செய்வது என்பதை மற்றது. முழுதாகத் தடுக்கலாம், அல்லது எச்சரித்துவிட்டு அனுமதிக்கலாம். என் ஓட்டு எச்சரிக்கைக்குத்தான். அந்த வாசகத்தை நாமே எழுதலாம் என்பது பெரிய வசதி. "இரட்டைப் பதிவு" என்று மட்டும் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். "இந்தக் கடை ஏற்கெனவே இருக்கிறது, விலை சொல்லும் முன் பழைய பதிவைத் திறந்து பாருங்கள்" என்றால் கை நிற்கும்.

அப்புறம், பலர் கவனிக்காத ஒன்று: பகிர்வு அனுமதி, அதாவது யார் எந்தப் பதிவைப் பார்க்கலாம் என்ற அமைப்பு. அதற்கு உட்பட்டு விதி ஓடினால், பதிவு போடுபவருக்குப் பார்க்க அனுமதியுள்ள பதிவுகளோடு மட்டுமே ஒப்பிடும். பக்கத்து ஏரியாக்காரரின் முருகன் ஸ்டோர் அதன் கண்ணில் படாது. அனுமதியைத் தாண்டி ஒப்பிடச் சொன்னால் எச்சரிக்கை வரும், ஆனால் அந்தப் பதிவை அவருக்குக் காட்டாது. அதனால் யாரிடம் கேட்க வேண்டும் என்பதையும் வாசகத்திலேயே எழுதிவிடுங்கள். அறிக்கை என்ற தேர்வையும் போட்டு வையுங்கள். எச்சரிக்கையை மீறிச் சேமித்தவை தனியாகச் சேரும். வாரம் ஒருமுறை உட்கார்ந்து இணைத்துவிடலாம்.