மோட்டர் கன்ட்ரோலருக்கு அசெம்பிளியா, சியா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு வரும் பையன்கள் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, அசெம்பிளி தெரியாமல் மைக்ரோகன்ட்ரோலரில் கை வைக்கலாமா?" தாராளமாக வைக்கலாம் தம்பி. ஆனால் அசெம்பிளியை வாசிக்கத் தெரியாமல் ரொம்ப தூரம் போக முடியாது. வாசிக்கத்தான் சொல்கிறேன், எழுத அல்ல. மைக்ரோகன்ட்ரோலர் என்பது ஒரு கருவியை இயக்கும் குட்டிக் கணினிச் சிப். அசெம்பிளி அந்தச் சிப்பின் கட்டளைகளை ஒவ்வொன்றாக எழுதும் மொழி. சி நமக்கு எளிதான மொழி, கம்பைலர் என்ற மென்பொருள் அதைச் சிப்பின் கட்டளைகளாக மாற்றித் தரும்.

செம்பனை நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் மோட்டரை எடுத்துக்கொள்வோம். காலையும் மாலையும் கொஞ்ச நேரம் ஓட வேண்டும், தொட்டி வற்றினால் நிற்க வேண்டும். மோட்டரை இணைத்துத் துண்டிக்கும் ரிலே என்ற சுவிட்ச் 'டக்' என்று விழவே சில மில்லிநொடி பிடிக்கும். அதற்குள் 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஏடிமெகா328பி என்ற மைக்ரோகன்ட்ரோலர் பல்லாயிரம் கட்டளைகளை முடித்திருக்கும். இங்கே அசெம்பிளியில் வேகத்தை மிச்சம் பிடித்து என்ன செய்வது? வெயில் கூடிவிட்டது, நேரத்தைக் கூட்டு என்று மேனேஜர் சொன்னால் சியில் ஒரு வரி மாற்றம். அந்தச் சிப் கிடைக்காமல் வேறு வகைக்குப் போனாலும் சிப்பின் கால்களான பின்கள், டைமர் சம்பந்தப்பட்ட பகுதிகளைத் திருத்தினால் போதும். பிக் என்ற சிப் குடும்பத்துக்கு எழுதிய அசெம்பிளி, 328பி-யின் குடும்பமான ஏவிஆரில் செல்லாக் காசு.

சிப்பில் இடம் பற்றாது என்பது பழைய கவலை. பிக்16எஃப்84ஏ-யில் தரவுக்கு 68 பைட்தான், அப்போது அந்தக் கவலை நியாயம். 328பி-யில் நிரலுக்கு 32 கிலோபைட் ஃபிளாஷும் தரவுக்கு 2 கிலோபைட் ரேமும் இருக்கின்றன.

அசெம்பிளி இல்லாமல் திண்டாடுவது தீபாவளிக்குக் கட்டும் வண்ண எல்இடி பட்டையில்தான். அந்தப் பட்டையில் இருக்கும் டபிள்யூஎஸ்2812 வகை விளக்குக்கு ஒரு பிட் அனுப்ப 1.25 மைக்ரோநொடி, அதாவது 16 மெகாஹெர்ட்ஸில் சிப்பின் கடிகாரம் வெறும் 20 தடவை துடிக்கும் நேரம் (20 சுழற்சி). ஆர்டுயினோ போர்டுகளுக்கான மென்பொருளில் இருக்கும் டிஜிட்டல்ரைட் என்ற ஆயத்தக் கட்டளை ஒரு பின்னை மாற்றவே அதைவிட அதிக நேரம் எடுக்கும். கம்பைலர் ஒரு கட்டளையைக் கூட்டினாலோ குறைத்தாலோ நேரக் கணக்கு இடிக்கும். அதனால்தான் ஏவிஆருக்கான நியோபிக்சல் லைப்ரரிக்குள் (இந்த விளக்குகளை ஓட்டும் ஆயத்த நிரல் தொகுப்பு) அந்தத் துண்டு மட்டும் அசெம்பிளியில் இருக்கிறது. மற்றதெல்லாம் சி, சி பிளஸ் பிளஸ்.

அப்புறம், வாசிக்கத் தெரிய வேண்டும் என்றேனே, அதற்கு ஓர் உதாரணம். தண்ணீர் மீட்டரின் துடிப்புகளை இன்டரப்டில், அதாவது ஓடும் வேலையை நிறுத்தி இடையில் புகும் நிரலில், 16 பிட் (இரண்டு பைட்) மாறியில் எண்ணுகிறோம். சியில் அதைப் படிப்பது ஒரே வரி. ஆனால் இது 8 பிட் சிப், ஒரு தடவைக்கு ஒரு பைட்தான் எடுக்கும், அதனால் உள்ளே அது இரண்டு கட்டளை. எண்ணிக்கை 255-இல் இருக்கும்போது கீழ் பைட்டான 255-ஐ எடுத்தாயிற்று. அந்த இடைவெளியில் இன்டரப்ட் புகுந்து எண்ணிக்கையை 256 ஆக்குகிறது. இப்போது மேல் பைட் 1. மேல் பைட்டில் 1 என்றால் 256, அதோடு கீழ் பைட்டின் 255-ஐச் சேர்த்தால் 511! எப்போதாவது ஒரு தடவைதான் வரும், சி வரியை எத்தனை முறை முறைத்துப் பார்த்தாலும் குற்றம் தெரியாது. கம்பைலர் உருவாக்கிய கட்டளைகளை அசெம்பிளியாகக் காட்டும் டிஸ்அசெம்பிளியைத் திறந்தால், நினைவகத்திலிருந்து ஒரு பைட்டை எடுக்கும் 'எல்டிஎஸ்' கட்டளைகள் இரண்டு பளிச்சென்று நிற்கும். இன்டரப்டை நிறுத்தி, மாறியை நகலெடுத்துக்கொண்டு, மறுபடி திறந்துவிட்டால் சரி.

மைக்ரோபைத்தானா, அதாவது மைக்ரோகன்ட்ரோலருக்கான பைத்தான் மொழியா? ஈஎஸ்பி32 சிப் உள்ள போர்டு கையில் இருந்தால், புது சென்சாரை முதலில் அதில் சோதித்துப் பார்ப்பது சுகம். ஆனால் நினைவகத்தைச் சுத்தம் செய்ய அது நடுவில் நின்று நின்று போகும். நுணுக்கமான நேரக் கணக்குள்ள வேலையை அதன் தலையில் கட்டாதீர்கள்.