சமன்பாட்டை வரைய எந்த விரிதாள்? எக்செல், கால்க், கூகுள் ஷீட்ஸ்: ஓர் ஒப்பீடு

விரிதாளில் ஒரு சமன்பாட்டை வரைவதென்றால், ஒரு நெடுவரிசையில் எக்ஸ் மதிப்புகளையும் அடுத்ததில் சூத்திரத்தால் கிடைக்கும் ஒய் மதிப்புகளையும் நிரப்பி, அந்தப் புள்ளிகளை வரைபடமாக்க வேண்டும். கணக்கிடுவதில் மைக்ரோசாஃப்ட் எக்செல், லிப்ரெஆஃபிஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. புள்ளிகளை இணைக்கும் இடத்தில்தான் வேறுபாடு தெரிகிறது.

எக்செலில் புதியவர்கள் பலரும் முதலில் தேர்ந்தெடுப்பது 'லைன்' வகையை. அது எக்ஸ் மதிப்புகளை எண்களாகப் பார்க்காமல் வெறும் பெயர்களாகக் கருதிச் சம இடைவெளியில் அடுக்கிவிடுகிறது. 0, 1, 2, 5, 10 என்ற மதிப்புகளைக் கொடுத்து ஒய் = 2எக்ஸ் + 1 என்பதை வரைந்தால், நேர்கோடாக இருக்க வேண்டியது 2-க்குப் பிறகு மேல்நோக்கி முறிந்து செல்லும். எக்ஸை எண்ணாகவே கொள்ளும் 'ஸ்கேட்டர்' வகையில் கோட்டுடன் கூடியதற்கு மாற்றியதும் அதே தரவு நேர்கோடாகிவிடும். கால்கிலும் இதே விதிதான். கூகுள் ஷீட்ஸிலோ ஸ்கேட்டர் வகை புள்ளிகளை மட்டுமே இடுகிறது. கோடு வேண்டுமானால் லைன் வகைக்குத்தான் போக வேண்டும், எக்ஸ் மதிப்புகளை உரையாகக் கருதும் தேர்வும் அணைந்திருக்க வேண்டும். சாதாரணச் சார்புகளுக்கு இது போதும். ஆனால் ஒரே எக்ஸுக்கு இரண்டு ஒய் மதிப்புகள் வரும் வட்டத்தை, ரேடியனில் கோணத்தைக் கொடுத்து, கொசைனையும் சைனையும் இரு நெடுவரிசைகளாக்கி வரையும்போது, எக்செலும் கால்கும் சிரமமின்றி மூடிய வளைகோட்டைத் தருகின்றன. ஷீட்ஸில் புள்ளிகளை மிக நெருக்கமாக இட்டு ஒப்பேற்ற வேண்டியிருக்கிறது.

வளைகோட்டை மென்மையாக்குவதில் கால்க் கூடுதல் வசதி தருகிறது. அதிலுள்ள முப்படி (கியூபிக்) ஸ்ப்லைன் என்ற மென்மையாக்கும் முறையில் வளைகோடு எல்லாப் புள்ளிகள் வழியாகவும் செல்லும். பி-ஸ்ப்லைன் அப்படிச் செல்ல வேண்டியதில்லை என்பதால் சமன்பாட்டுக்கு அது பொருந்தாது. என் கருத்தில், எந்த மென்பொருளானாலும் மென்மையாக்கலை அணைத்துவிட்டு, -10 முதல் 10 வரை 0.1 இடைவெளியில் 201 புள்ளிகளை இடுவதே நேர்மையான வழி.

எக்செல், கால்க் இரண்டிலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஏ2 கலத்தில் 3 இருக்க, =-ஏ2^2 என்று எழுதினால் விடை -9 அன்று, 9. கழித்தல் குறி அடுக்குக்கு முன்பே செயல்படுவதால், கீழ்நோக்கித் திறக்க வேண்டிய பரவளையம் மேல்நோக்கித் திறந்துவிடும்; =-(ஏ2^2) என்று அடைப்புக்குறியிட வேண்டும். ஒய் = 1/எக்ஸ் போன்றவற்றில் பூச்சியத்தின் இருபுறத்தையும் தனித்தனித் தொடர்களாகப் பிரிக்காவிட்டால், இல்லாத செங்குத்துக் கோடு ஒன்று முளைத்துவிடும்.

சமன்பாட்டை எழுதியவுடன் வரைபடம் வேண்டுமென்றால் டெஸ்மாஸ் அல்லது ஜியோஜீப்ரா போதும். விரிதாளைத் தேடிப் போக வேண்டியதில்லை. அளந்த தரவும் சமன்பாடும் ஒரே படத்தில் வேண்டும்போதுதான் விரிதாளின் அருமை தெரியும். அந்த வேலைக்கு, இலவசமாகவும் இணையமின்றியும் இயங்கும் கால்கையே மாணவர்களுக்குப் பரிந்துரைப்பேன். தனி ஊசல் சோதனையில் நீளத்துக்கு எதிராக அலைவுநேரத்தின் வர்க்கத்தைப் புள்ளிகளாக இட்டு, அவற்றின் மேலேயே கோட்பாடு தரும் 4.03 (4π²/g, மீட்டர்-வினாடி அலகுகளில்) சாய்வுள்ள கோட்டை இரண்டாம் தொடராகச் சேர்த்தால், எந்த அளவீடு விலகி நிற்கிறது என்பது உடனே கண்ணில் படும்.